தங்கத் தோணியில் கணக்கை மூடுவது எப்படி

— அஞ்சு இடம் சரி, சென்சு. ஆறாவது என்னாச்சு?

— பட்டாணி வச்ச பஸ்தீத்சி பப்ஸ் ஆறிப் போகுது பாரு. மொதல்ல அதச் சாப்பிடு, கிராசி.

— நான் சாப்பிட வரல. நாலு மணிக்கு நம்ம மின்மடல் போகணும். வியாழக்கிழமை அது வரலன்னா ஆட்டக்காரங்க போன் போட்டே என் உயிர எடுத்துருவாங்க.

— ஊரே கத்தரீனா திருவிழாவுல இருக்கு. வெளிய வேட்டு, உள்ள பேண்டு. இந்தக் கிளப்புக்குள்ள வந்து வேலையப் பத்திப் பேசற மொத ஆளு நீதான்.

— ஆபீசுக்கு நீங்க வந்திருந்தா நான் ஏன் உங்க ஊரு சுர்ரீக் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டு வரப்போறேன்? ஆன்லைன் கேசினோவுல காசு போட்டு, எடுத்து, சண்ட பிடிச்சுப் பாக்கறது உங்க வேல. அத ஆட்டக்காரங்களுக்குப் புரியற மாதிரி எழுதறது என் வேல. உங்க பாதி வந்தாத்தானே என் பாதி?

— அஞ்சு குடுத்தேன்ல?

— அஞ்சும் அருமை. மூணாவது கேசினோவப் பத்தி எழுதினதப் படிச்சு நான் தனியா உக்காந்து சிரிச்சேன்.

— கேளு கதைய. கணக்க மூடுங்கய்யான்னு கேக்கறேன். அவன், 'உங்களுக்காகப் பிறந்தநாள் பரிசு காத்திட்டிருக்கு சார்'ங்கறான். நான் ஆகஸ்ட்ல பொறந்தவன்! மறுபடி கேட்டா, 'எங்க மேல என்ன கோபம்'ங்கறான். கட்டின பொண்டாட்டி கூட என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல.

— அந்த நாலாவது இடம்?

— அது அத விட மோசம். கணக்குத் திறக்கறப்ப ஒரு கேள்வி கெடையாது. மூடணும்னா வீட்டுக் கரண்டு பில்ல அனுப்புங்கறான். நான் யாரு, அவங்க வீட்டு மருமகனா?

— சரி, அப்புறம்? ஆறாவது, தங்கத் தோணி?

— அதான் எழுதியிருந்தேனே. இழுத்தடிக்கறாங்க. மூட மாட்டேங்கறாங்க.

— அவ்வளவுதான் எழுதியிருந்தீங்க. ஒத்த வரி. மத்ததுக்கெல்லாம் ஆளு பேரு, அவன் சொன்ன சாக்கு, எத்தன தடவ கேட்டீங்க, எல்லாம் இருக்கு. இதுக்கு மட்டும் ஒத்த வரி. ஏன்?

— எழுதற மூடு இல்ல.

— உங்களுக்கா? போன மாசம் ஒரு இடம் காசு தர ரெண்டு நாள் லேட்டுன்னு மூணு பக்கம் எழுதினீங்க.

— வயசாகுதும்மா.

— சென்சு, 'தங்கத் தோணி கணக்கை மூட மறுக்கிறது'ன்னு தலைப்பே போட்டு வச்சிருக்கேன். இது சின்னப் பழி இல்ல. அவங்க வக்கீல் நோட்டீஸ் விட்டா நான்தான் பதில் சொல்லணும். அவங்ககூட நீங்க பேசின சாட்ட மட்டும் காட்டுங்க. பாத்துட்டுக் கெளம்பிடறேன்.

— போன்ல சார்ஜ் இல்ல.

— இந்தாங்க, என் சார்ஜர்.

— கொஞ்சம் இரு, டீ சொல்றேன். கண்ணாடி கிளாஸ்ல, பால் தூக்கலா. அப்படித்தானே குடிப்ப?

— டீ அப்புறம். போன்ல சார்ஜ் பாதிக்கு மேல இருக்கு. நான் இங்கருந்தே பாக்கறேன்.

— உனக்குக் கழுகுக் கண்ணு.

— காட்டுங்க.

— சாட் இல்ல.

— அழிச்சிட்டீங்களா?

— பேசினாத்தானே அழிக்கறதுக்கு.

— புரியல. நீங்க கேக்கவே இல்லியா?

— இல்ல.

— அப்ப அவங்க இழுத்தடிக்கறாங்கன்னு எழுதினது?

— எழுதினேன்.

— பொய்யா? சென்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல அது ஊர் பூராப் போயிருக்கும்! யாரு குடுத்தா? நேராக் கேக்கறேன். தங்கத் தோணியக் கவுக்கச் சொல்லி வேற எந்தக் கேசினோக்காரன் உங்கள வாங்கினான்?

— வார்த்தைய அளந்து பேசு. புனித கத்தரீனா சத்தியமா, ஒருத்தன்கிட்ட ஒரு காப்பி வாங்கிக் குடிச்சதில்ல நான்.

— அப்ப என்னதான் விஷயம்? எனக்கு மண்ட வெடிக்குது. அஞ்சு இடத்துல சிங்கம் மாதிரி போய்க் கேட்ட மனுசன், ஆறாவது இடத்துல ஏன் வாயத் திறக்கல?

— மத்த அஞ்சும் சோதனைக்காகத் திறந்த கணக்கு.

— இதுவும் அப்படித்தானே?

— திறந்தப்ப அப்படித்தான்.

— சென்சு.

— அப்படிப் பாக்காத.

— விளையாடறீங்களா? சோதனை முடிஞ்சப்புறமும்?

— ஈஸ்டருக்கு அப்புறம் இருந்தே.

— ஆனா நீங்க... ஹோட்டல் கேசினோவுல எத்தன வருசம் சீட்டு போட்டுக் குடுத்தீங்க! ஒரு தடவ கூட எனக்கு ஆசை வந்ததில்லன்னு மார் தட்டுவீங்களே!

— வந்ததில்லதான். அதுல பொய் இல்ல. அங்க எதிர்ல மனுசங்க உக்காந்திருப்பாங்க, கிராசி. விடியக்காலைல அவங்க மூஞ்சியப் பாக்கணும் நீ. பெரிய டாக்டரு, கப்பல் கம்பெனிக்காரன், எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். அதப் பாத்தே எனக்கு விட்டுப் போச்சு. போன்ல யாரு மூஞ்சியும் தெரியல. ஒரு தோணி ஆடுது, மணி அடிக்குது, அவ்வளவுதான்.

— எப்படி ஆரம்பிச்சுது?

— பணம் எடுக்கறதுக்கு எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கச் சொன்ன. எடுக்கறேன்னு போட்டேன். 'பரிசீலனையில்'னு வந்துச்சு. கீழயே 'ரத்து செய்'னு ஒரு பொத்தான். அதத் தொட்டா காசு திரும்ப ஆட்டத்துக்கே போயிரும்.

— அந்தப் பொத்தானத் தொடாதீங்கன்னு நாமதானே மடல்ல வாராவாரம் கத்தறோம்!

— நாம கத்தறோம். நான்தான் அந்த வரியையே சொன்னேன். நான்தான் தொட்டேன்.

— அய்யோ சென்சு.

— திட்டிக்கோ. நீ திட்டலன்னா இன்னும் கஷ்டமா இருக்கு.

— திட்டத் தோணல. வீட்ல மெலிட்டாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. ஏன் எந்நேரமும் போனோட மாடில போய் நிக்கறன்னு கேட்டா. ஆபீஸ் வேலைன்னேன். ஒரு ஆட்டக்காரனுக்கும் கெடைக்காத சாக்கு எனக்குக் கெடைச்சுது பாரு. பாவம், 'இந்த வயசுல இப்படி ஒழைக்கறியே'ன்னு மாடிக்கு டீ கொண்டாந்து குடுத்துட்டுப் போறா. அந்த டீயத்தான் என்னால முழுங்க முடியல.

— அவங்ககிட்ட சொல்லுங்க.

— செத்தாலும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது.

— நான் சொல்ல மாட்டேன். சரி, போனக் குடுங்க. கணக்க நான் மூடறேன்.

— அது நம்ம முறை இல்ல. ஆட்டக்காரன்தான் கேக்கணும். ஆட்டக்காரன் கேட்டு எவ்வளவு நேரத்துல மூடறாங்கன்னு பாக்கறதுதான் சோதனை.

— இப்பவும் முறை பேசறீங்க பாருங்க. அப்ப நீங்களே கேளுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்.

— மூணு வாரமா தினமும் சாட்டத் திறக்கறேன். 'வணக்கம்'னு அடிக்கறேன். அனுப்பாம வெளிய வந்துடறேன்.

— இன்னிக்கு அடுத்த வார்த்தையும் அடிங்க.

— எழுத்தெல்லாம் தப்புத் தப்பா விழுது.

— விழட்டும். எழுத்துப்பிழை இருந்தா அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க.

— 'என் கணக்கை... நிரந்தரமாக... மூடவும்.' அனுப்பட்டுமா?

— என்னக் கேக்காதீங்க.

— அனுப்பிட்டேன்.

— பதில்?

— யாரோ ஒரு பொண்ணு. 'நிச்சயமாகத்தானே'ன்னு கேக்கறா. ஆமான்னு போட்டேன். இந்த வேட்டுச் சத்தத்துல போன் அடிச்சாக் கூட... இரு, வந்திருச்சு. 'முடித்துவிட்டோம். இந்தக் கணக்கை இனித் திறக்க இயலாது. யாரிடமாவது பேச வேண்டுமானால் இந்த எண்ணை அழையுங்கள்.'

— பரிசு, கிரிசு ஏதாவது?

— ஒண்ணும் கெடையாது. நம்பர் மட்டும்தான் குடுத்திருக்கா.

— ஒரு டீ ஆடை கட்டற நேரத்துக்குள்ள முடிஞ்சுது! ஆறுலயும் இவங்கதான் ஒழுங்கு. இவங்களப் போயி நான் கிழிக்கப் பாத்தேனே!

— அது என் தப்பு. மன்னிச்சுக்கோ.

— அது இருக்கட்டும். மனசு எப்படி இருக்கு?

— காலியா இருக்கு. பசிக்குது.

— பஸ்தீத்சிய எடுத்துக்குங்க. நான் தலைப்ப மாத்தறேன். 'தங்கத் தோணி: கேட்டவுடன் மூடினார்கள். வற்புறுத்தல் இல்லை.' சரியா இருக்கா?

— அது பாதிதான்.

— மீதி என்ன?

— அவங்க மூட ஒரு நிமிசம். ஆட்டக்காரன் வாயத் திறந்து கேக்கத்தான் மூணு வாரம் ஆச்சு. அதையும் போடு. படிக்கறவங்கள்ல பாதிப் பேரு அந்த எடத்துலதான் மாட்டிக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

— நல்ல வரி, சென்சு. போடறேன். 'எங்கள் சோதனை ஆட்டக்காரர் ஒருவருக்கு'ன்னு போட்டுடறேன். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

— வேண்டாம், கிராசி. சென்சுன்னே போடு. என்னால வாயால சொல்ல முடியல. புருசன் என்ன வேல பாக்கறான்னு பெருமையாத் தெரிஞ்சுக்க, மெலிட்டா வியாழக்கிழமை தவறாம அந்த மடலப் படிக்கறா.