நாலு மணிச் சண்டை

செயின்ட்-மிஷேல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கான அட்டவணையைக் கைபேசியில் பார்த்து உரக்க வாசித்தார்.

“பத்து மணிக்குப் பூசை. ஒரு மணிக்கு உங்கட அக்கா வீட்டில சாப்பாடு. நாலு மணிக்கு அக்காவோட சண்டை.”

“சண்டைக்கும் நேரம் போட்டிருக்கிறீரோ?”

“பின்னை? போன வருசம் போன உடனயே துவங்கி, பிள்ளையள் கேக் தின்னவுமில்லை, பரிசு பிரிக்கவுமில்லை. அழுதழுதுதான் வீட்டை வந்ததுகள். இந்த முறை எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.”

“சண்டை பிடிக்காமல் வரேலாதோ?”

“அவ என்ர கேக்கைக் குறை சொல்லாமல் இருப்பாவோ?”

கணவன் பெருமூச்சு விட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அக்கா, கேக்கைப் பற்றி ஏதும் சொல்லுறதெண்டால் நாலு மணிக்குப் பிறகு சொல்லுங்கோ. பிள்ளையள் பாவம்.”

“ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கைபேசியைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

“நாலு மணிக்கு அவவின்ர மாமி வாறாவாம். அந்தச் சண்டையைத் தள்ளிப்போடேலாதாம். உம்மட சண்டையை மூண்டரைக்கு வைப்பமோ எண்டு கேக்கிறா.”

மனைவி அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அரை மணித்தியாலம் அவவுக்குப் போதுமோ எண்டு கேளுங்கோ.”