பதினேழாவது வரிசை

யுன்ஃபாங்: எலியா? எலிக்காகவா அப்பா மூணு தடவை போன் அடிச்சீங்க?

தேஷங்: சிரிக்காதடி. பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன்... அப்புறம் எண்ணலை. சரிவுலேர்ந்து வரிசையா இறங்கி நம்ம முற்றத்து வழியா ஓடுதுங்க. பட்டப்பகல்ல!

யுன்ஃபாங்: ஒரு பூனை வளர்க்கச் சொன்னேன். கேட்டாத்தானே.

தேஷங்: வாயை அலம்பு! சுரங்கச்சாமியோட குதிரைங்க அதுங்க. இருபத்தொம்பது வருஷம் என் ரொட்டியில பாதியை அதுங்களுக்குத்தான் போட்டேன். அதுங்க ஓடினா நாங்களும் ஓடுவோம். ஏன்னு கேட்டுக்கிட்டு நின்னவன் எவனும் மேல வந்ததில்லை.

யுன்ஃபாங்: நீங்க இப்ப சுரங்கத்துல இல்லப்பா. மூக்குல ஆக்சிஜன் குழாயோட வீட்டுல உக்காந்திருக்கீங்க. நானும் சுரங்கத்துல இல்ல. நல்ல வெயில்ல, சோலார் பேனலுக்கு நடுவுல நிக்கறேன்.

தேஷங்: அதான் சொல்றேன்... சரிவை விட்டு இறங்கு. எல்லாரையும் இறக்கு.

யுன்ஃபாங்: என்னன்னு சொல்லி இறக்க? ‘எங்கப்பா எலி பார்த்தார்’னா? நாளைக்குச் செத்தவங்க கல்லறையைப் பெருக்கிக் கூட்டுற நாள், லீவு. இன்னிக்கே துடைச்சு முடிச்சாகணும். உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த பேனலைக் கண்டா ஆகாது. அதைச் சொல்லுங்க.

தேஷங்: ஏன் ஆகணும்? சுரங்கம் ஓடினப்ப நானூறு வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. உன் கண்ணாடித் தோட்டத்துல ஆறே பேர், கையில துணியோட. அந்தச் சூரியனும் சாயங்காலமானா கடையைச் சாத்திட்டுப் போயிடறான். பனி கொட்டினா அன்னிக்கு லீவு வேற!

யுன்ஃபாங்: உங்க நிலக்கரி லீவே எடுக்காது, ஒத்துக்கறேன். உங்க நுரையீரலுக்குள்ள இன்னும் டூட்டி பார்க்குதே! கிணத்துத் தண்ணியைக் குடிச்சிடுச்சு. சின்னப் புள்ளைல பனின்னாலே கறுப்புன்னுதான் நினைச்சிருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்துல பனியைக் கறுப்பா வரைஞ்சு டீச்சர்கிட்ட அடி வாங்கினது மறந்துபோச்சா?

தேஷங்: அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அனுப்பினது எது? கரிதானே? அதைச் சொல்ல மாட்ட... இரு... மூச்சு...

யுன்ஃபாங்: மெதுவா. மெதுவாப்பா. குழாய் சரியா இருக்கா? அந்த மெஷினும் இந்தக் கண்ணாடித் தோட்டத்துக் கரண்ட்லதான் ஓடுது, ஞாபகம் இருக்கட்டும்.

தேஷங்: இருக்கு, இருக்கு... நீ இப்ப எந்த வரிசைல நிக்கற?

யுன்ஃபாங்: பன்னிரண்டு. ஏன்?

தேஷங்: பதினேழுல யாரு?

யுன்ஃபாங்: வேற யாரு, சித்திதான். எல்லாரும் சாப்பிடக் கீழ கொட்டகைக்குப் போயாச்சு. பதினேழை தினம் ரெண்டு தடவை துடைக்கலைன்னா சித்திக்குச் சோறு இறங்காது. வேற யாராவது அங்க கால் வச்சா சண்டைக்கு வராங்க. அந்தக் கண்ணாடில பார்த்துத்தான் தலை சீவுறாங்க போலன்னு ஒரே கேலி...

தேஷங்: சியுலானா? ஐயோ... கூப்பிடு அவளை. ஓடச் சொல்லு!

யுன்ஃபாங்: இருங்க. அதென்ன பதினேழுன்னு குறிப்பாக் கேட்டீங்க?

தேஷங்: இதுதான் கேள்வி கேக்கற நேரமா?

யுன்ஃபாங்: பழைய சுரங்க வழியெல்லாம் வரைபடத்துல குறிச்சுக் கொடுத்தது நீங்கதான். இந்தச் சரிவு முழுக்கப் பாறை, மேல ரயிலையே நிறுத்தினாலும் தாங்கும்னு கைநாட்டு வச்சதும் நீங்கதான்.

தேஷங்: முதல்ல அவளைக் கூப்பிடுடி!

யுன்ஃபாங்: சித்தீ! இறங்கி வாங்க சித்தீ!... காதுலயே வாங்கலை. கிட்டப் போய் ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களே சொல்லுங்க.

தேஷங்: நீ கிட்டப் போகாத! அங்கருந்தே கத்து!

யுன்ஃபாங்: பதினஞ்சுல நிக்கறேன், கேக்கும். சித்தி, அப்பா பேசறார்.

சியுலான்: என்ன அத்தான், சாப்பிட்டாச்சா?

தேஷங்: சியுலான், வாளியைப் போட்டுட்டு ஓடு.

சியுலான்: பாதி வாளித் தண்ணி மிச்சம் இருக்கே. மஞ்சள் மண் காத்து அடிச்சு ஒரே புழுதி. துடைச்சிட்டு வந்துடறேன்.

தேஷங்: உசுரு பெருசா, புழுதி பெருசா? எலி ஓடுது சியுலான்!

சியுலான்: எலி ஓடணும்னா கீழ சுரங்கம் இருக்கணும். இதுதான் பாறையாச்சே. நீங்க சொன்னதுதானே?

யுன்ஃபாங்: சித்தி... காலுக்கடியில ஏதோ சத்தம். கட்டை முறியற மாதிரி. அப்பா, என்ன சத்தம் இது?

தேஷங்: முட்டுக் கொடுத்த கட்டை பேசுது... சியுலான், உன் கால்ல விழறேன், ஓடு!

சியுலான்: பாறைக்கு யாரு அத்தான் முட்டுக் கொடுத்தது?

தேஷங்: நான்... நான்தான் கொடுத்தேன், போதுமா? பெரிய சுரங்கத்தை மூடினப்புறம் திருட்டுத்தனமா ஒரு பொந்து வெட்டினோம். நீ நிக்கற இடத்துக்கு நேர் கீழ. இப்ப ஓடு!

யுன்ஃபாங்: என்னப்பா சொல்றீங்க? நாங்க தினம் இது மேலதான் நடக்கறோம்... நான் நடக்கறேன்ப்பா!

சியுலான்: வெட்டினோம்னா... கூட யாரு?

யுன்ஃபாங்: அப்புறம் கேக்கலாம் சித்தி, வாங்க!

சியுலான்: நீ தள்ளிப் போம்மா. அவர் சொல்லட்டும். கூட யாரு அத்தான்?

தேஷங்: ...தேமாவ்.

சியுலான்: என் வீட்டுக்காரர் உள் மங்கோலியாவுல லாரி ஓட்டறார்னு சொன்னீங்க.

தேஷங்: ஓட்டலை. அன்னிக்கு எலி ஓடிச்சு. நான் ஓடினேன். பின்னாடியே வரான்னு நினைச்சேன்... திரும்பிப் பார்க்கறேன், கூரை இறங்கிக் கிடக்கு. பதினோரு வருஷமா அங்கதான் கிடக்கான். வெளிய சொன்னா ஜெயில், ரெண்டு வீடும் பட்டினின்னு... வாயை மூடிக்கிட்டேன். நான் மனுஷனே இல்ல சியுலான்.

யுன்ஃபாங்: சித்தப்பாவா? அப்ப வருஷா வருஷம் வசந்த விழாவுக்கு அவர்கிட்டேர்ந்து பொட்டலம் வருதே... உலர்ந்த ஆட்டுக்கறி...

தேஷங்: நான் கட்டினது. லாரிக்காரன் கையில கொடுத்து, அங்கருந்து வந்த மாதிரி...

யுன்ஃபாங்: சித்தி வராங்க. வாளியை வச்சுட்டு... வராங்கப்பா. சீக்கிரம் சித்தி, கையைக் கொடுங்க! ...ஐயோ! அப்பா, பதினேழு போகுது! வரிசையோட... ஒண்ணு பின்னாடி ஒண்ணா... பூமிக்குள்ள போகுதுப்பா!

தேஷங்: சியுலான்! சியுலான் எங்க? யுன்ஃபாங்! யாராவது பேசுங்களேன்!

யுன்ஃபாங்: இருக்காங்க... என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

தேஷங்: சியுலான்... இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கு...

சியுலான்: பொட்டலத்துக் கயித்துல எப்பவும் வலது கை முடிச்சு, அத்தான். உங்க தம்பி இடது கைக்காரர். முதல் வருஷமே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு கல்லறை கூட்டுற நாள்ல, செத்தவங்களுக்கு எரிக்கற காகிதத்தை நீங்க இதே பதினேழாவது வரிசை இருந்த இடத்துல தனியா எரிச்சிட்டுப் போனதையும் பார்த்தேன். என்னிக்காவது நீங்களே வாயைத் திறப்பீங்கன்னு இருந்தேன்... திறக்கலை. அவர் மேல கண்ணாடியும் நட்டாங்க. ஊரெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் கல்லறையைக் கூட்டுது... நான் தினம் ரெண்டு தடவை கூட்டிட்டு வந்தேன்.