இரண்டு மொழி, ஒரே கை: நோலுண்டி மபோங்கோ அம்மையாருக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, கல்வி அலுவலகத்திலிருந்து இந்த மழையிலும் வண்டி ஓட்டி வந்திருக்கும் திரு. மட்யோபா அவர்களே, மபோங்கோ வீட்டு மக்களே, மாவட்ட மருத்துவமனைத் தோழர்களே, பின்னால் நெருக்கியடித்து நிற்கும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளே! உங்கள் எல்லோர் துக்கத்திலும் பங்கு கேட்டு வந்திருக்கிறேன்.

நான் ஜோலா குலத்தவன். இந்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆண்டுக் கடைசியில் இறுதித் தேர்வுத் தாள் திருத்தப் போகிறவன். எனக்கு நயமாகப் பேச வராது. நான் நயமாகப் பேசினால் மாம்பிங்காவுக்கே சந்தேகம் வந்துவிடும். மாம்பிங்கா என்பது நோலுண்டி அம்மையாரின் குலப்பெயர். அப்படித்தான் நாங்கள் அவரைக் கூப்பிட்டோம், இன்றும் அப்படித்தான் கூப்பிடப் போகிறேன்.

நோலுண்டி மபோங்கோ அம்மையார் யார்? மருத்துவமனையில் கைக்கும் விரலுக்கும் பயிற்சி கொடுத்துக் குணமாக்கிய சிகிச்சையாளர். தீயில் வெந்த கை, இயந்திரத்தில் நசுங்கிய விரல், பக்கவாதத்தில் மடங்கிப்போன உள்ளங்கை எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. ஆனால் இந்த ஊர் அவரை எதற்காக அறியும்? பிள்ளைகளின் கையெழுத்துக்காக அறியும்! ஒரு பிள்ளை நிமிடத்துக்கு எத்தனை எழுத்து எழுதுகிறது, எழுதியதை இன்னொருவர் வாசிக்க முடிகிறதா என்று பள்ளி பள்ளியாகச் சோதித்தாரே, அதற்காக அறியும்.

இதென்ன பெரிய சேவை என்று யாராவது உள்ளுக்குள் முணுமுணுத்தால், அவர்களுக்குச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாள் மூன்று மணி நேரம். தலை நிறைய விடை இருந்தும் கை ஓடாத பிள்ளை பாதித் தாளை வெறுமையாக வைத்துவிட்டு எழுந்து வருகிறது. ஆங்கிலத்திலும் அப்படிப்பட்ட தாள்களை நான் திருத்தியிருக்கிறேன், வயிறு எரியும். அந்தக் கை உண்மையிலேயே மெதுவானது என்று நிரூபித்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். நிரூபிக்க யார் இருந்தார்கள்? மாம்பிங்கா ஒருவர்தான் இருந்தார்.

நம் பிள்ளைகள் சின்ன வகுப்பில் தாய்மொழியான கோசாவில் எழுதிப் பழகிவிட்டு, பிறகு எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள். சோதனைத் தாளோ ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. பிள்ளை மெதுவாக எழுதினால் ஒரே பதில் வரும்: மொழிதான் போதவில்லை, கையில் கோளாறு இல்லை, மொழிக்காகக் கூடுதல் நேரம் தருவதில்லை. ஆங்கிலம் தடுமாறுவதால் மெதுவா, கை வலிப்பதால் மெதுவா? ஒரு மொழியை மட்டும் பார்த்தால் யாருக்குத் தெரியும்? ஆண்டவனுக்குத்தான் தெரியும். மாம்பிங்கா ஆண்டவனைத் தொந்தரவு செய்யவில்லை. இரண்டு மொழியிலும் எழுத வைத்தார். கோசாவில் பறந்து ஆங்கிலத்தில் நொண்டினால் கோளாறு மொழியில்; அந்த அடி என்னைப் போன்ற ஆங்கில ஆசிரியனின் முதுகில் விழ வேண்டியது. இரண்டிலும் நொண்டினால் கோளாறு கையில். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் நாளே அவர் மூக்கு உடைபட்டது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார், அதனால் நானும் சொல்லலாம். கையில் ஸ்டாப்வாட்சோடு வகுப்பின் முன்னால் நின்றுகொண்டு, முடிந்தவரை வேகமாக எழுதுங்கள் என்றார். மொத்த வகுப்பும் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வரைந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்திலும் அப்படி, கோசாவிலும் அப்படி! என் பாடத்தில் குறிப்பெடுக்கும்போது ஆலங்கட்டி மழைபோல எழுதுகிற பிள்ளைகள் அவர்கள். கணக்குப்படி பார்த்தால் அன்று வகுப்பில் ஒரு கைகூட நல்ல கை இல்லை.

முன்வரிசையில் இருந்த லுக்கன்யோவைத் தனியாகக் கூப்பிட்டு, ஏனப்பா வேகமாக எழுதவில்லை என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நீங்க எதிர்ல நிக்கிறீங்கம்மா. பெரியவங்க பாத்துக்கிட்டு நிக்கும்போது கண்டபடி கிறுக்கிக்கிட்டு ஓடுனா, இவன வீட்ல வளத்த லட்சணம் இதுதானான்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்க மாட்டோமா? கட்டாயம் கேட்போம்! பெரியவர் முன்னால் குரலைத் தாழ்த்து, கண்ணைத் தாழ்த்து, இரண்டு கையாலும் வாங்கு, அவசரம் காட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது யார்? நாம்தானே! கடல் தாண்டி வந்த சோதனைப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி உண்டா? அவரும் அதே வளர்ப்பில் வளர்ந்தவர்தான். படித்த படிப்பு அதைக் கொஞ்ச நேரம் மறக்கடித்துவிட்டது, அவ்வளவுதான்.

மறு வாரமே திரும்பி வந்தார். தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். என் வாழ்க்கை என்ற வழக்கமான தலைப்பில் எழுதச் சொல்லவில்லை. சனிக்கிழமை கால்பந்தில் நம் அணிக்குக் கோல் இல்லை என்று சொன்ன நடுவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள், அதை எழுதுங்கள் என்றார். அடேயப்பா! காகிதம் கிழிகிற சத்தம் வராண்டாவுக்குக் கேட்டது. மற்ற அத்தனை கையும் பறந்த அந்த வகுப்பில், அப்போதும் பறக்க முடியாமல் இரண்டொரு கைகள் மட்டும் தங்கிவிட்டன. அவர் தேடி வந்தது அந்தக் கைகளைத்தான்.

வேகத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லும். தெளிவை யார் சொல்வது? அதற்கு என்னைப் பிடித்தார். நான் நாளெல்லாம் பாடம் நடத்தி ஓய்ந்த நேரமாகப் பார்த்து வருவார். தேர்வுத் தாளைத் திருத்துகிறவனும் ஓய்ந்துபோனவன்தானே என்பார். என்னை உரக்க வாசிக்கச் சொல்லி, நான் திக்கும் இடங்களில் புள்ளி வைப்பார். ஒரு நாள் எனக்கு எரிச்சல் வந்து, இது கோழி கிளறிய குப்பை என்று தாளை வீசினேன்.

"ஜோலா, கோழியப் பத்தி அப்புறம் பேசலாம். அடுத்த வரிய வாசிங்க," என்றார்.

வாசித்தேன். கடைசிவரை ஒரு சொல்லில்கூடத் திக்கவில்லை. அழகு வேறு, தெளிவு வேறு என்று இத்தனை ஆண்டு தாள் திருத்தியும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் சொற்பொழிவு ஏதும் செய்யாமல் புரியவைத்தார்.

இப்போது அஃபிவேயிடம் வருகிறேன். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதப்போகிற எங்கள் பிள்ளை. வரலாறு கேட்டால் ஆசிரியரையே மடக்குவாள். பிறவியிலேயே அவள் கட்டைவிரல் மூட்டு தளர்ந்தது. பேனாவை அழுத்தினால் விரல் பின்பக்கமாக வளைந்துபோகும். அரைப் பக்கத்தில் வலி தொடங்கிவிடும். கோசாவிலும் மெதுவாகத்தான் எழுதுவாள், ஆங்கிலத்திலும் மெதுவாகத்தான். சட்டப் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை, அதற்கு வரலாற்றில் மதிப்பெண் வேண்டும். கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பித்தோம். கல்வி அலுவலகத்தில் ஆங்கிலத் தாளை மட்டும் பார்த்து, மொழிக் குறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தேர்வில் அவள் வாயால் விடை சொல்லட்டும், வேறொருவர் எழுதட்டும் என்று நாங்களே அவளிடம் கேட்டுப் பார்த்தோம். அவள் சொன்ன பதில் இது:

"வேணாங்கய்யா. எனக்கு எழுத எழுதத்தான் யோசனையே வருது. கை என்னோடதாவே இருக்கட்டும். கொஞ்சம் நேரம் மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

மாம்பிங்கா அவளுடைய இரு மொழித் தாள்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகப் படி ஏறினார். திரு. மட்யோபா அவர்களே, நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசவில்லை, முகத்துக்கு நேரே பேசுகிறேன். கோசாவில் இந்த வயதுப் பிள்ளை எவ்வளவு வேகமாக எழுத வேண்டும் என்பதற்கு அட்டவணையே கிடையாது, யாரோடு ஒப்பிட்டு இவள் மெதுவாக எழுதுகிறாள் என்பது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அவர் என்ன சொன்னார்?

"எத்தன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எழுதுனா ஒத்துப்பீங்க? சொல்லுங்க, எழுத வச்சுக் கொண்டாறேன்."

மாவட்டத்தின் எல்லா மேல்நிலைப் பள்ளிகளும் என்றீர்கள். கொண்டு வாருங்கள், நான் ஏற்கிறேன் என்றும் சொன்னீர்கள். அவரும் கிளம்பிவிட்டார்! தன் விடுப்பு நாட்களில், சரளைக் கல் பாதைகளில், சொந்த வண்டியில் போனார். ஒவ்வொரு பள்ளியிலும் சுவரைப் பார்த்து நின்றார். இன்னும் இரண்டே பள்ளிகள் மிச்சமிருந்தபோது, போன வியாழக்கிழமை, மருத்துவமனை நடைவழியில் அவர் இதயம் நின்றுவிட்டது. மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை.

எனக்கு அழுகை வருகிறது, மறைக்கவில்லை. அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது. இன்னும் ஒரு வாரம் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? அவர் போனதால் அஃபிவேயின் தாள் அலமாரிக்குப் போய்விடுமா? போகாது! விடமாட்டோம்!

திங்களன்று ஒரு பள்ளி, செவ்வாயன்று மற்றொன்று. தலைமையாசிரியர்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். மாம்பிங்காவோடு வேலை பார்த்த செல்வி க்வேஸி எழுத்துகளை எண்ணுவார். நான் சுவரைப் பார்த்து நிற்பேன். வகுப்பில் பிள்ளைகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே பழகியவன் நான். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால்தான் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். வெள்ளிக்கிழமை காலை முழு அட்டவணையும் திரு. மட்யோபா அவர்களின் மேசைக்கு வரும். ஐயா, நீங்கள் தலையசைத்ததை இத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். நன்றி.

கடைசியாக ஒன்று. இரங்கல் ஏட்டின் முதல் பக்கத்தை ஊரில் மூத்தவர் எழுதுவதுதான் வழக்கம். அந்த ஏட்டைப் போதகர் என்னிடம்தான் கொடுத்தார். நான் மபோங்கோ வீட்டாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டேன், அவர்களும் சரியென்றார்கள். முதல் பக்கம் அஃபிவேக்கு. இரண்டு மொழியிலும் எழுதுகிறேன் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

வா மகளே, இந்த மேசையில் உட்கார். பேனாவை உனக்கு எப்படி வசதியோ அப்படிப் பிடி. வலித்தால் நிறுத்து, பிறகு எழுது. பாடகர் குழுவினரே, பாட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தேநீர் ஆறினால் ஆறட்டும். திரு. மட்யோபா அவர்களே, தாங்களும் தயவுசெய்து அமர்ந்திருங்கள். அவள் எழுதி முடிக்கும்வரை இந்தக் கூட்டம் கலையாது.