ஓய்வெடுக்கச் சொன்னவர்கள்

தலைக்குக் குளிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், மேடம். வெந்நீரில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, யாரும் வந்து தட்டாமல். இதைப் போய் ஏன் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். என் தங்கை மாடிப்படியில் எப்படி விழுந்தாள் என்றுதானே கேட்டீர்கள்? அதற்குத்தான் வருகிறேன்.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த பிறகு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாலு சொம்பு ஊற்றிக்கொள்வதுதான் என் குளியல். ஒருவன் தூங்கினால் இன்னொருவன் அழுவான். பெரியவனுக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் சின்னவன் கக்கியிருப்பான். குறை சொல்லவில்லை, குழந்தை என்றால் அப்படித்தான். எனக்குப் பிள்ளைகள் மேல் கோபமே வந்ததில்லை.

கோபமெல்லாம் என்னை ஓய்வெடுக்கச் சொன்னவர்கள் மேல்.

சொல்லாத ஆள் இல்லை. "உங்களையும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்கம்மா" என்றார் குழந்தை டாக்டர், அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துக்கொண்டே. என் கணவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, வாரத்தில் பாதி நாள் வெளியூர். "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்பார் போனில். "ரெண்டு பேரையும் எந்த ஆணியில மாட்டிட்டு ரெஸ்ட் எடுக்கட்டும்?" என்று ஒருநாள் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். என் பெண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி என்று ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். மாமியார், "வாயைத் திறந்து கேட்டாத்தானே உதவி கிடைக்கும்?" என்றார். திறந்தேன். "நீங்க வர்றீங்களா அத்தை?" அந்த நிமிஷமே அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

எனக்கு அம்மா இல்லை. அவர் போனபோது தங்கை ஜடை பின்னக்கூடத் தெரியாத பிள்ளை. தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் நான்தான். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பிறகு பியூட்டி பார்லரில் முடிவெட்டக் கற்றுக்கொண்டாள், நல்ல கை.

அவள்தான் வந்தாள். இரண்டு பெட்டியோடு வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் ஆளுக்கொரு இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"அக்கா, நீ முதல்ல போய்த் தலைக்குக் குளி. நான் இருக்கேன்."

இந்த "நான் இருக்கேன்" என்பதை அதுவரைக்கும் யாரும் என்னிடம் சொன்னதில்லை, மேடம். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே குளித்தேன். இரண்டு வாரம் இருப்பதாக வந்தவள், பிள்ளைகள் நடக்கிறவரைக்கும் இருந்தாள். சின்னவன் பேசிய முதல் வார்த்தை "சித்தி". நான் அதற்கும் வருத்தப்படவில்லை.

ஆனால் இருக்கேன் என்று சொன்னால் இருக்க வேண்டுமா, இல்லையா?

ஒருநாள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள். அவளும் சிநேகிதியும் வேறொரு ஊரில் சொந்தமாகப் பார்லர் திறக்கப்போகிறார்களாம். கடை பார்த்து, நாற்காலி, கண்ணாடிகூட வாங்கியாயிற்று.

"அப்ப பிள்ளைங்க?" என்றேன்.

"அதெல்லாம் யோசிக்காம இருப்பேனாக்கா? காலைல வர்றதுக்கு ஒரு ஆயாம்மா பாத்துட்டேன், தங்கமான மனுஷி. மத்தியானத்துக்குப் பக்கத்துத் தெரு குழந்தைங்க காப்பகத்துல பேசிட்டேன். மாமாவும் இனிமே உள்ளூர்லயே வேலை பாக்குறேன்னு ஆபீஸ்ல கேட்டிருக்கார், தெரியுமா? எல்லாம் சரியாயிடும்."

"இத்தனை நாள் வளர்த்துட்டு, விட்டுட்டுப் போக மனசு வருதாடி?"

"உன் பிள்ளைங்கதானேக்கா" என்றாள். சிரித்துக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னாள்.

உன் பிள்ளைகள். நியாயம்தான். இவளை நான் வளர்த்தபோது என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. உன் தங்கைதானே, உன் பிள்ளையா என்று கேட்டு யாரும் என்னைக் கடை திறக்க அனுப்பவில்லை. எனக்கு ஆயா வேண்டாம், காப்பகம் வேண்டாம். இத்தனை நாள் கழித்து ஞானோதயம் வந்த கணவரும் வேண்டாம். நான் கேட்டபோது ஓடி ஒளிந்த கூட்டம், இவள் கேட்டதும் வரிசையில் வந்து நிற்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். நான் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன், சோப்பு சிந்திவிட்டது, துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். அன்றைக்கு வந்த போலீஸ்காரரிடம் இப்படித்தான் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "நீங்களும் உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது அவள் எங்கள் முன்னறையில் படுத்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பார்லரைச் சிநேகிதி வேறு யாரையோ வைத்துத் திறந்துவிட்டாள். நான்தான் துடைத்துவிடுகிறேன், புரட்டிப் படுக்க வைக்கிறேன், ஊட்டுகிறேன். எனக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அலுத்துக்கொண்டேனா என்று என் கணவரைக் கேளுங்கள்.

நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளே உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள் என்கிறீர்கள். இருக்கட்டும். வலி மாத்திரை மயக்கத்தில் ஏதாவது உளறுவாள். நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

சோப்பு சிந்தவில்லை. நான்தான் ஊற்றினேன், மேல் படிகளில், பாட்டில் காலியாகும்வரை. ஆனால் பேர்தான் வாலு, அவள் நிதானக்காரி. கையில் துணிக் கூடை இருந்தால் ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குவாள். ஈரம் பட்டதும் நின்றுவிடுவாள். அதனால் கீழே நின்றுகொண்டு, "சின்னவன் மூச்சு விடலடி, ஓடி வாடி" என்று கத்தினேன். இரண்டு பேரும் உள்ளே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கீழே கிடந்தபடி அவள் முதலில் கேட்டது, "அக்கா, சின்னவன்?"

"தூங்குறான்டி, ஒண்ணும் இல்ல" என்றேன். உடனே அவள் முகம் தெளிந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகள் மேல் அவ்வளவு உயிர். அவளால் எங்களை விட்டுப் போயிருக்க முடியாது, மேடம். எப்படி இருப்பது என்று தெரியாமல்தான் தவித்தாள், நான் கொஞ்சம் உதவி செய்தேன்.