தோதான மாசம்

தங்கை: சரி, டூர் போயிட்டு வாக்கான்னா அந்த மாசம் மழைன்னுட்டே. அதுக்கு அடுத்த மாசம்?

அக்கா: அது எல்லா நாட்டுலயும் பள்ளிக்கூட லீவுடி. கூட்டம் அம்மும். வெளிநாடு வரைக்கும் ஏரியைப் பாக்கப் போயிட்டு, அடுத்தவன் முதுகைப் பாத்துட்டு வரணும்.

தங்கை: அப்ப குளிர்காலம். ஆளே இருக்க மாட்டாங்களாம். ஏஜென்ட் சொன்னார்.

அக்கா: குளிர்ல எனக்கு முட்டி பிடிச்சுக்கும்.

தங்கை: உனக்கு எப்பக்கா முட்டிவலி வந்துச்சு?

அக்கா: நீ குளிர்காலம்னு சொன்னதும்.

தங்கை: விளையாடாத. நான் நிஜமா கேக்கறேன்.

அக்கா: நானும் நிஜமாதான்... இரு, அம்மா முழிச்சுட்டாங்க.

அம்மா: யாரு அங்க பேசறது?

அக்கா: உன் சின்னப் பொண்ணும்மா. காலையிலதான் வந்தா.

அம்மா: கதவைப் பூட்டிட்டுப் போயிடாத...

அக்கா: பூட்டலம்மா. படு.

தங்கை: ஏன் பூட்டாதேங்கறாங்க?

அக்கா: மறதி வந்தவங்க பேச்சு... அதுக்கெல்லாம் அர்த்தம் பாப்பாங்களா? நீ அடுத்த மாசத்தைச் சொல்லு.

தங்கை: குளிர் முடிஞ்ச கையோட போ. தெருவெல்லாம் பூவா இருக்குமாம்...

அக்கா: பூ பூத்தா எனக்குத் தும்மல்.

தங்கை: ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கே.

அக்கா: பன்னெண்டுதானே. சீக்கிரம் தீந்துடும்.

தங்கை: உன் பாஸ்போர்ட் எங்க? ஏஜென்ட் நம்பர் கேட்டார்.

அக்கா: ...கைப்பையில.

தங்கை: கைப்பையிலயா? பீரோவுலதானே இருக்கும்?

அக்கா: எங்கயோ ஒரு இடத்துல இருக்கட்டுமே.

தங்கை: அக்கா... மாசமெல்லாம் விடு. அடுத்த வாரமே போ. நான் ஒரு மாசம் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

அக்கா: ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னே?

தங்கை: பொய்.

அக்கா: அங்க உன் வீட்டுக்காரர்?

தங்கை: சமைக்கத் தெரியும். தெரியலேன்னா கத்துக்கட்டும்.

அக்கா: உன்னால முடியாதுடி. குளிக்கக் கூப்பிட்டா கையைக் கடிப்பாங்க. நிமிஷத்துக்கு ஒருதரம் 'நீ யாரு'ம்பாங்க. முதல் நாள் உனக்குச் சிரிப்பு வரும். மறுநாள் அழுகை வரும். அப்புறம் ஒரு நாள்...

தங்கை: ஒரு நாள்?

அக்கா: ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி.

தங்கை: எதிர்வீட்டு டீச்சர் எனக்கு போன் பண்ணாங்க.

அக்கா: எதுக்காம்?

தங்கை: போன வாரம் வெளியில பூட்டு தொங்குச்சாம். அம்மா உள்ளேருந்து கதவைத் தட்டிட்டே இருந்தாங்களாம். நீ வர்ற வரைக்கும் டீச்சர்தான் ஜன்னல்ல நின்னு பேச்சுக் குடுத்தாங்களாம்.

அக்கா: என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அந்தம்மா.

தங்கை: உன் முகத்தைப் பாத்து அவங்களுக்கு வாய் வரலையாம். கடைக்குப் போயிருந்தியா?

அக்கா: ஆமா... கடைக்குத்தான்.

தங்கை: பெட்டியோடயா?

அக்கா: ...அதையும் சொல்லியாச்சா.

தங்கை: நான் சண்டை போட வரலக்கா. எங்க போனே?

அக்கா: ஏர்போர்ட்டுக்கு. எந்த ஊருக்குன்னுகூட யோசிக்கல. டிக்கெட் குடுக்கற வரிசையில போய் நின்னேன். முன்னாடி நின்ன பெரியவர் திரும்பி, 'நீங்க எங்க போறீங்க'ன்னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் எங்க போறேன்னு என்னை ஒருத்தர் கேட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா?

அம்மா: யாரும்மா அங்க?

தங்கை: நான்தாம்மா. இதோ வர்றேன்... நீ உக்காருக்கா, நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு.

அக்கா: என்ன?

தங்கை: அவ்வளவு தூரம் போனவ ஏன் திரும்பி வந்தே? அம்மா ஞாபகம் வந்துடுச்சா?

அக்கா: அப்படித்தான் சொல்லணும்... இல்லடி. அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம் வந்துச்சு. அது மட்டும் வரலேன்னா, எந்த மாசம் தோதுன்னு இந்நேரம் அங்கேருந்தே உனக்குச் சொல்லியிருப்பேன்.