ரெண்டு கையும் மாட்டியிருக்கு

இல்ல தம்பி, கையெழுத்தெல்லாம் அப்புறம். பாக்கறீங்கல்ல, ரெண்டு கையும் மாட்டியிருக்கு. பார்சலைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் இப்படி உள்ள வாங்களேன். கேட்டு சும்மாத்தான் சாத்தியிருக்கு, தள்ளுங்க. பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆகறதா இருந்தா எனக்குத்தான் ஆகும்.

ஹெல்மெட்டைக் கழட்டிருங்க, குனிய வேண்டியிருக்கும். அட, மன்னிச்சுக்குங்கண்ணே! தம்பி தம்பின்னுட்டேன். தலையைப் பாத்தா எனக்கே நாலு வயசு மூத்தவரா இருப்பீங்க போல.

விஷயம் என்னன்னா, இந்த வண்டி முந்நூத்தம்பது கிலோ. தூரதூரமாப் போறதுக்குன்னே செஞ்ச வண்டி. நடு ஸ்டாண்டு கிடையாது. பின்சக்கரத்தைக் கழட்டணும்னா அடியில முட்டு கொடுத்துத் தூக்கணும். நான் மரக்கட்டையை அடுக்கித் தூக்கினேன். காலையிலேருந்து கல்லு மாதிரி நின்னுச்சுண்ணே. சக்கரத்தைக் கழட்டி, பழைய டயரைப் பிரிச்சு, சோப்புத் தண்ணியைத் தடவிப் புது டயரை ஏத்தி, எல்லாம் ஒத்த ஆளாப் பண்ணிட்டேன். திருப்பி மாட்டலாம்னு இப்படிக் குனியறேன், அடியில இருந்த கட்டை படக்குன்னு ரெண்டாப் பொளந்துக்கிச்சு. வண்டி அப்படியே என் மேல சாயுது. தோளைக் கொடுத்துத் தாங்கிட்டேன். அரை மணி நேரமா இதே கோலம்தான். பின்னாடி சுவரு, முன்னாடி வண்டி. விட்டேன்னா தொடை போச்சு. கத்திப் பாத்தேன், தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. மேல் வீட்டுல ஒருத்தர் இருக்காரு, அவரு காதுல பாட்டு மாட்டிக்கிட்டார்னா ஊரே இடிஞ்சாலும் தெரியாது.

அது என் ஃபோனுதான். பேன்ட் பையில இருக்கு. வேணாம் வேணாம், எடுக்காதீங்க. அடிச்சு ஓயட்டும். இதோட நாலாவது தடவை. கை ரெண்டும் இப்படி இருக்கறப்ப எப்படிண்ணே பேசறது? காதுல வச்சுப் பிடிக்கிறீங்களா? இல்லண்ணே, முதல்ல வண்டி. வண்டியைப் பாப்போம்.

ஐயோ, தூக்காதீங்க! இடுப்பு பிடிச்சுக்கும். ஏற்கெனவே பிடிச்சிருக்கா? நல்லாப் போச்சு. அப்ப நாம ரெண்டு பேருமா சேந்து ஒரே ஆளுதான்.

ஃபோனுக்கு வர்ற கோடு நம்பரா? அது எனக்கு வராதுண்ணே. யாரு பேருல இருக்கு பார்சலு? ஆமா, வீட்டுக்காரி பேருதான். இல்ல, வீட்ல இல்ல. வெளிய இருக்கா. அவ ஃபோனுக்குக் கூப்பிட்டா எடுக்க மாட்டா. அது உடைஞ்சு போச்சு, நேத்துத்தான். கண்ணாடியெல்லாம் தூள் தூளா. நம்பரு வராம ஒப்படைக்கக் கூடாதுன்னா ஒப்படைக்காதீங்க, நான் கோச்சுக்கல. ரொம்பக் கனமா இருக்குங்கறீங்களே, என்னதான் வாங்கியிருக்கா? தையல் மிஷினுக்கு மோட்டாரு போடணும்னு சொல்லிட்டிருந்தா, அதுவா இருக்கும். அட்டையில எழுதியிருக்கா? படிங்க.

என்னது?

இன்னொரு தடவை படிங்கண்ணே.

பைக் ஜாக்கி. ஐந்நூறு கிலோ வரைக்கும் தாங்கும். சரி. சரிண்ணே. ஒண்ணுமில்ல, கண்ணுல வேர்வை போயிடுச்சு. துடைக்க வேணாம், தன்னால காஞ்சிரும்.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலண்ணே அவ. டயரை மாத்துங்கன்னா, ஸ்டாண்டு இல்லாம எப்படிடி கழட்டறதுன்னு நாந்தான் சொல்லிட்டிருந்தேன். சாக்கு. வேற என்ன? முதல்ல டயரு வரட்டும்னேன். அவளே ஆர்டர் போட்டு வரவழைச்சா. மூணு மாசமா செருப்பு அலமாரி பக்கத்துல நின்னுச்சு அது, அவ துடைப்பத்தை அதுல மாட்டி வச்சிருந்தா. அப்புறம் டயரைப் பிரிக்கிற கம்பி சரியில்லைன்னேன். அப்புறம் வெயிலு. அப்புறம் முதுகு. கடைசியா ஸ்டாண்டு. ஆறு மாசம் ஓட்டிட்டேன் இப்படியே.

பிரிங்கண்ணே, நான் சொல்றேன், பிரிங்க. உங்க ஆபீஸ்ல கேட்டா நான் பேசிக்கிறேன். அந்த டேப்பைக் கிழிக்க அதோ டூல் பெட்டி மேல பிளேடு கிடக்கு. தட்டையா மடங்கியிருக்கா? ஆமா, கத்திரி மாதிரி விரியும். பக்கவாட்டுல ஒரு மரை இருக்கும் பாருங்க, அதைச் சுத்தச் சுத்த மேல ஏறும். பத்தொன்பது நம்பர் ஸ்பானரு, ரெண்டாவது தட்டுல, இடமிருந்து நாலாவது. நாங்க லேத்துப் பட்டறைக்காரங்க, இருட்டுல கேட்டாலும் இடம் சொல்வோம். முப்பத்தோரு வருஷம்ணே! அந்தத் திமிருதான் எல்லாத்துக்கும் காரணம்.

இப்ப நான் மூச்சைப் பிடிச்சு ஒரு அங்குலம் தள்றேன். இன்ஜினுக்கு அடியில, பின்பக்கமா, அந்த ரெண்டு பைப்புக்கும் நடுவுல சொருகுங்க. கையை உள்ள விட்டுறாதீங்க, காலால தள்ளுங்க. ஒண்ணு, ரெண்டு... தள்ளுங்க! போயிடுச்சா? போயிடுச்சு. ஆண்டவா. சுத்துங்க, மெதுவா. அவசரமே இல்ல.

கடைக்காரன்கிட்ட விட்டா என்னன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. அவளும் அதைத்தான் கேட்டா. கடையில கொடுத்தா அரை மணி நேர வேலைங்க, கொடுங்கன்னா. நான் விடல. கடைக்காரன் கம்பியை விட்டு நெம்பி ரிம்மைக் கீறிடுவான், நட்டை மிஷின் வச்சு இறுக்கி மரையைக் கெடுத்துருவான், என் வண்டியில அடுத்தவன் கை படக் கூடாதுன்னேன். வெறும் வீம்பு. அவ டெய்லருண்ணே, துணியைத் தொட்டுப் பாத்தே எத்தனை தடவை துவைச்சதுன்னு சொல்லிருவா. டயருல வரி வரியாப் பள்ளம் இருக்கில்ல, அதுல கட்டை விரல் நகத்தை விட்டுப் பாப்பா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. நகம் உள்ள போகலீங்கன்னுவா. உன் நகத்தை வெட்டுடின்னு சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பா. சிரிச்சுட்டு, நகம் வெட்டித்தாங்க இருக்கு, டயருலதான் பள்ளமில்லைன்னுவா. என் மண்டையில உறைக்கவே இல்ல.

சுத்துங்கண்ணே, நின்னுட்டீங்களே. இன்னும் ரெண்டு அங்குலம்.

அதோ அந்தச் சக்கரத்தைப் பாருங்க. புது டயரு, ரப்பரு முடி முடியா நீட்டிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு அம்புக்குறி தெரியுதா? அரை மணி நேரமா அதைத்தான் பாத்துட்டே நிக்கிறேன். வேற எங்கயும் கழுத்தைத் திருப்ப முடியல. அந்த அம்பு முன்னாடி பாத்து இருக்கணும். பின்னாடி பாத்து இருக்கு. தலைகீழா ஏத்தியிருக்கேன்ணே. பட்டறைக்கு வந்த முதல் நாள் பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். கழட்டித் திருப்பிப் போடணும், மறுபடியும் முதல்லேருந்து. தூங்கல, அதான்.

அம்பு எப்படியிருந்தா என்னவா? காஞ்ச ரோட்டுல ஒண்ணும் தெரியாதுண்ணே. மழையில தெரியும். அந்தப் பள்ளம் தண்ணியை வாரி வெளிய தள்ளணும், அதுக்குத்தான் அது. பள்ளமே இல்லைன்னா தண்ணி எங்க போகும்? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல நின்னுக்கும். வண்டி தண்ணி மேல போகும், ரோட்டு மேல போகாது. நேத்து சாயந்திரம் கூட லேசான தூறல்தான். இவளுக்கு மூக்குக்கண்ணாடி மாத்தப் போயிட்டுத் திரும்பி வர்றோம். வேகமெல்லாம் இல்ல, சத்தியமா இல்ல. ரவுண்டானா திரும்பறப்ப ரோட்டுல வெள்ளைக் கோடு அடிச்சிருப்பாங்கல்ல, அதுமேல பின்சக்கரம் ஏறுச்சு. அவ்வளவுதான். எனக்கு இதோ, இந்த முழங்கைச் சிராய்ப்பு. வண்டிக்கு ஒரு சைடு கண்ணாடி. அவ பின்னாடி உக்காந்திருந்தா.

தலையிலண்ணே. ஹெல்மெட்டு போட்டிருந்தா. போட்டும்தான்.

இல்ல, மூச்சு இருக்கு. காலையில உள்ள கொண்டு போயிட்டாங்க, ஆபரேஷனுக்கு. மகதான் கூட இருக்கா. அவ என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவல. நீ இங்க நின்னு என்னப்பா பண்ணப் போற, வீட்டுக்குப் போ, முடிஞ்சதும் கூப்பிடறேன்னா, என் மூஞ்சியைப் பாக்காமலே. வெளிய வந்தேன். நடந்து ரவுண்டானாவுக்குப் போனேன். வண்டி ஓரமா நின்னுச்சு, யாரோ நல்லவங்க நிறுத்தி வச்சிருக்காங்க. அதே வண்டி, அதே டயரு, அதுலதான் வீடு வந்து சேந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. வந்ததும் சட்டையைக் கூட மாத்தல, டயரைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலண்ணே. அவ சொன்ன வேலை இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.

போதும், நிறுத்துங்க. ஏறிடுச்சு. விடவா? ஒரு கையை விடறேன். நிக்குது. ரெண்டு கையும் விட்டுட்டேன். அசையவே இல்லையே! என்ன சாமான் வாங்கியிருக்கா பாருங்க, முன்னாடி வாங்கினவங்க எத்தனை பேரு எழுதினதைப் படிச்சுப் பாத்து வாங்கினாளோ. தோளு ரெண்டும் என்னோடதே இல்லாத மாதிரி இருக்குண்ணே. உக்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? உங்களுக்கு இன்னும் எத்தனை வீடு பாக்கியிருக்கோ, என்னால கெட்டுது.

ஆமா. அடிக்குது. கேக்குது எனக்கும்.

மகதான். வேற யாரு கூப்பிடப் போறாங்க? இதோட அஞ்சு தடவை, அஞ்சும் அவதான். நல்ல சேதின்னா ஒரு தடவை கூப்பிட்டு விட்டுருவாளா, இல்ல நல்ல சேதின்னாத்தான் விடாம கூப்பிடுவாளா? அரை மணி நேரமா அதைத்தான் யோசிச்சுட்டு நின்னேன். வண்டி என் மேல சாஞ்சது ஒரு வகையில நல்லதுன்னுகூடத் தோணுச்சு, தப்பா நினைக்காதீங்க. எடுக்க முடியலைன்னு சொல்லிக்கலாம்ல.

இந்தாங்கண்ணே, இந்தப் பையிலதான் இருக்கு. நீங்க எடுங்க. கையெல்லாம் கிரீஸு, பாருங்க, எனக்கு எடுக்க வராது. அப்பா பக்கத்துலதான் இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. அவ என்ன சொன்னாலும் என்னைப் பாத்துட்டே கேக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்குங்க.