லேபிளில் ஐந்நூறு

ரமணி — ஏசிய கூட்டு புனி. மேக்கப் எல்லாம் கரையுது.

புனிதா — அக்கா, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

ரமணி — மூணு மணிக்கு கம்பெனி விழாவுக்கு ஹால்ல இருக்கணும். பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங் கிடைக்கவே அரை மணி ஆகும். நீ என்னடான்னா இந்த ஜாம்ல உருட்டிக்கிட்டு...

புனிதா — அக்கா!

ரமணி — என்ன லா?

புனிதா — மேடையில ஏறி என்ன சொல்லப் போற?

ரமணி — உண்மையத்தான். வயசு அம்பத்தெட்டு, ஏழு மாசமா இந்த இளமை கேப்சூல் சாப்பிடறேன், பாருங்க என் மூஞ்சியன்னு. எல்லாரும் கை தட்டுவாங்க. நீயும் கொஞ்சம் தட்டு, கூடப் பொறந்தவதானே?

புனிதா — உன் பாட்டில்லேர்ந்து ஆறு கேப்சூல் எடுத்தேன். நான் வேலை பாக்கற லேப்ல டெஸ்ட் பண்ணிட்டேன்.

ரமணி — ...எப்போ?

புனிதா — போன மாசம். நீ ஷா ஆலம் வந்து என் வீட்டுல தங்கினப்ப.

ரமணி — திருட்டுக் கழுதை. கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?

புனிதா — மாட்ட.

ரமணி — ...சரி. என்ன வந்துச்சு?

புனிதா — லேபிள்ல மருந்து ஐந்நூறு மில்லிகிராம்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறது பதினெட்டு.

ரமணி — பதினெட்டா?

புனிதா — மீதியெல்லாம் சோள மாவு. ஐந்நூறும் இருந்தாலே வயசு குறையும்னு யாரும் இன்னும் நிரூபிக்கல. பதினெட்டுல ஒரு எலிக்குக் கூட...

ரமணி — அப்ப இது என்னடி? இங்க பாரு. கன்னத்துல ஒரு சுருக்கம் இருக்கா? முட்டி வலியில படுத்துக் கிடந்தவ, பத்துமலை கோயில் படியில எங்கயும் உக்காராம ஏறினேன். மாவு ஏத்தி விட்டுச்சா?

புனிதா — அதாங்கா எனக்குப் பயம்.

ரமணி — என்ன பயம்?

புனிதா — மெஷின் இன்னொண்ணும் காட்டுச்சு. ஸ்டீராய்டு. லேபிள்ல அந்தப் பேரே இல்ல. உன் முட்டி வலி அதாலதான் போச்சு. சுருக்கம் போகல... மூஞ்சி வீங்கியிருக்கு.

ரமணி — வாய மூடு.

புனிதா — கண்ணாடியப் பாரு. நல்லா பாரு.

ரமணி — பொறாமை உனக்கு! ஸ்கூல் ஆபீஸ்ல முப்பது வருஷம் டைப் அடிச்சேன், ஒருத்தன் திரும்பிப் பார்த்தானா? இன்னைக்கு என் படத்த பேனர்ல போட்டிருக்காங்க...

புனிதா — யார் யாருக்கு வித்த?

ரமணி — கிள்ளான்ல நாப்பது பேரு இருக்கும். எல்லாம் கோயில்ல பழக்கம். என் மூஞ்சியப் பார்த்து வாங்கினாங்க.

புனிதா — உன் பக்கத்து வீட்டு லெட்சுமியக்காவுக்குமா? அவங்களுக்கு சுகர் இருக்கே! ஸ்டீராய்டு உள்ள போனா சுகர் எங்கயோ ஏறிடும்.

ரமணி — அவ... பந்திங்ல இருக்கா. மக வீட்டுக்குப் போயிருக்கா.

புனிதா — நாலு தடவ போன் போட்டேன். எடுக்கல.

ரமணி — பேரப்பிள்ளைய வச்சிருப்பா. ரோட்டப் பாரு, லோரி வருது!

புனிதா — பார்த்துட்டுத்தான் ஓட்டறேன். அக்கா... வியாழக்கிழமை ஹெல்த் மினிஸ்ட்ரிக்கு ரிப்போர்ட் போயிருச்சு.

ரமணி — யார் அனுப்பினா?

புனிதா — நான்தான். இன்னைக்கு ஹாலுக்கு ஆபீசருங்க வராங்க. அவங்க வரப்ப நீ அந்த மேடையில நிக்கக் கூடாதுன்னுதான், நானே வண்டி ஓட்டறேன்னு வந்தேன்.

ரமணி — என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல... சொந்த அக்காகிட்ட...

புனிதா — சொன்னா உடனே கம்பெனிக்குப் போன் போட்டிருப்ப. திட்டணும்னா திட்டிடு கா.

ரமணி — சரி. எல்லாத்தையும் குப்பையில கொட்டிடறேன். நாப்பது பேருக்கும் இப்பவே மெசேஜ் போடறேன், இன்னையோட நிறுத்துங்கன்னு. போதுமா?

புனிதா — ஐயோ, அப்படிப் போடாத! இது தினம் உள்ள போய்ப் போய், உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்ட நிறுத்தியிருக்கும். டக்குனு விட்டா பிரஷர் விழுந்துக்கிட்டே போகும். உசிருக்கே ஆபத்து. எல்லாரும் பாட்டிலோட டாக்டர்கிட்ட போகணும், அவங்கதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

ரமணி — டாக்டருக்குத் தெரியலன்னா?

புனிதா — என்ன தெரியலன்னா?

ரமணி — அவங்க இத சாப்பிட்டதே... தெரியலன்னா?

புனிதா — பிரஷர் ஏன் விழுதுன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. தேடி முடிக்கிற வரைக்கும் உசிரு தாங்கணுமே. ஏன் கேக்கற?

ரமணி — அடுத்த எக்ஸிட்ல திருப்பு புனி, கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு. வார்டு நம்பர் என் போன்ல இருக்கு, நீயே பேசு, எனக்கு வாய் வராது... லெட்சுமி பந்திங் போகல. சுகர் ஏறி பாத்ரூம்ல விழுந்து அஞ்சு நாளாச்சு, நேத்துலேர்ந்து பிரஷர் நிக்க மாட்டேங்குது. வேற எதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களான்னு டாக்டர் கேட்டப்ப, ஒண்ணுமில்லன்னு அவள சொல்ல வச்சது நான்தான்... அவ பையில இருந்த பாட்டில எடுத்துட்டு வந்ததும் நான்தான்.